அடியில் வைத்துக் கட்டிய கடிதம்

நான் அந்த வீட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது அவருக்கு எழுபத்தொரு வயது. இடது கையும் இடது காலும் வராது. பேச்சு வரும், ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வரும். விழுங்குவதில் சிரமம் இருந்ததால் எதையும் மசித்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, சின்னக் கரண்டியில்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"மூணாவது வரியும்... ஏழாவது வரியும்... ஒண்ணுதான். ஒண்ண எடுத்துடுங்க."

பார்த்தேன். ஒன்றுதான். எடுத்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "ஆரம்பிச்சுட்டாரா? ஆபீஸ்ல இவருக்கு ஒருபக்கம் சார்னு பேரு. முப்பது பக்கத்த ஒரு பக்கமா ஆக்கறதுதான் உத்தியோகம். கடவுள் பாத்தாரு, உனக்கு ஒரு பக்கம் போதும்டான்னு மிச்சத்த எடுத்துக்கிட்டாரு."

அவர் சிரித்தார். வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போனது.

அது மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே துணி காயப்போட மொட்டை மாடி. மாடியில் நின்றால் ஆறு தெரியும், ஆற்றின் மேல் பாலம் தெரியும், பாலத்தின் இரண்டு தலையிலும் போட்டிருந்த தடுப்புகள் தெரியும். அந்தக் கரை வேறு நாடு. நமக்கும் அவர்களுக்கும் என்ன பகை என்று எல்லோருக்கும் தெரியும், அதை நான் விளக்கப்போவதில்லை. இந்தத் தம்பதியின் ஒரே மகள் அந்தக் கரையில் இருந்தாள். பாலம் தாண்டினால் முக்கால் மணி நேரப் பயணம். பாலம் மூடிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. கடிதம் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு வர இரண்டு மாதம் பிடிக்கும். அதையும் இரண்டு பக்கமும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். "நலம், நலமறிய ஆவல், குளிர் அதிகம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

காலை ஏழரைக்கு வானொலியில் செய்தி. எல்லையைப் பற்றி ஏதாவது சொன்னால் வீட்டம்மா ஆரம்பித்துவிடுவார்.

"அந்தத் தூதன் கை வெளங்காம போக. ஒரே ஒரு வரி எழுதினான். எம்பொண்ண ஆத்துக்கு அந்தப் பக்கம் வச்சுப் பூட்டிட்டான். அவன் புள்ளைங்கள இப்படிப் பூட்டினா தெரியும்."

பாலம் மூடிய காலத்தில் அக்கரைத் தலைநகரில் நம் தூதராக இருந்தவரைத்தான் சொல்கிறார். 'அக்கரைக்காரர்களுக்குக் கதவை மூடினால்தான் புரியும்' என்று அவர் எழுதியதாக நாடாளுமன்றத்தில் மந்திரி வாசித்தார். அந்த வரி சுவரில் எல்லாம் எழுதியிருந்தது எனக்கே நினைவிருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

"எய்தவன் இருக்க அம்ப நொந்து என்னக்கா? மூடினது மந்திரி" என்றேன் ஒரு நாள்.

"அம்பு பேனா புடிச்சு எழுதுமா? இவன் எழுதினதாலதான அவன் மூடினான்?"

நான் அரசியல் பேசப் போகவில்லை. எனக்கு வேறு கவலை. தினம் நாலு வேளை அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து எழுதுவேன். மூன்று வாரக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால் காலை எட்டு மணி எண் மட்டும் எப்போதும் எகிறியிருந்தது. மருந்தின் நேரத்தை மாற்றினேன். மாறவில்லை. வானொலி காரணமாக இருக்கும் என்று, கம்பி அறுந்துவிட்டது என்று பொய் சொல்லி இரண்டு நாள் அதை நிறுத்தி வைத்தேன். வீட்டம்மா செய்தித்தாளைப் பார்த்துத் தூதரைத் திட்டினார். எண் எகிறியது. மூன்றாம் நாள் வீட்டம்மாவுக்குப் பல்வலி, திட்டவில்லை. எண் ஒழுங்காக இருந்தது.

வீட்டம்மா கடைக்குப் போன நேரம், முதுகு துடைத்துக்கொண்டே கேட்டேன். "சார், தூதரத் திட்டினா உங்களுக்கு ஏன் ஏறுது? உங்க சொந்தக்காரரா?"

ஈரத்துணியை இரண்டு தரம் பிழிந்துவிட்டேன்.

"அந்த வரி... அவர் எழுதினது இல்ல" என்றார். "என்னோடது."

பிறகு வந்த ஐந்தாறு வாரங்களில், வீட்டம்மா வெளியே போகும் நேரமாகப் பார்த்து, துண்டு துண்டாகச் சொன்னார். நான் கோர்த்துச் சொல்கிறேன்.

வெளியுறவுத் துறையில் அக்கரைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. இரண்டாவது மாடியில் வடக்குப் பார்த்த நீள அறை. ஆறு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். வாரம் ஒரு தரம் அரக்கு வைத்த பையில் தூதரின் கடிதம் வரும். பிரித்துக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டதும் இவர் மேசைக்கு வரும். மந்திரி எதையும் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார். ஆகவே இருபது பக்கமோ நாற்பது பக்கமோ, இவர் அதை ஒரே பக்கமாகச் சுருக்கி மேலே வைக்க வேண்டும். மூலக் கடிதம் கீழே இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் புரட்டிப் பார்த்ததில்லை என்றார். பிரிக்காத நூல் முடிச்சைப் பார்த்தாலே தெரியுமாம்.

இவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றாராம்: மந்திரிக்கு 'ஆனால்' ஆகாது.

அந்தத் தூதரோ 'ஆனால்' போடாமல் மூச்சு விடாத மனிதர். அங்கே காய்கறி விலை, யார் வீட்டுத் துக்கத்துக்கு எந்த அமைச்சர் வரவில்லை, தெருவில் சிப்பாய்கள் எப்படி நடக்கிறார்கள், எல்லாம் எழுதுவார். அலுவலகத்தில் அவருக்கு ரயில்வண்டி என்று பெயர். இவருக்கு மட்டும் அவர் எழுத்து பிடிக்கும். "அப்ப நேர்ல பாக்காத மனுஷன்... ஆனா என் அண்ணன்கிட்ட பேசினதவிட... அவர் கடிதத்தப் படிச்சதுதான் அதிகம்" என்றார்.

மகளுக்கு அக்கரையில் கல்யாணமாகி நாலு மாதம். அந்தக் காலத்தில் இரண்டு கரைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதாரணம். திடீரென்று அவர்கள் படை பாலத்தருகே வந்து நின்றது. ஊரெல்லாம் பதற்றம். தூதரிடமிருந்து முப்பத்தொரு பக்கக் கடிதம் வந்தது. இருபத்திரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார்: இங்கே படையில் ஒரு சிலர் இருக்கிறார்கள், இவர்களுக்குக் கதவை மூடிக் காட்டினால்தான் புரியுமோ என்று கோபத்தில் எனக்கே சில நாள் தோன்றுகிறது. ஆனால்...

அந்த 'ஆனால்'-க்குப் பிறகு ஒன்பது பக்கம்.

இவர் பத்து நிமிடத்தில் சுருக்கினார். 'ஒரு சிலர்' போனது. 'கோபத்தில்' போனது. ஒன்பது பக்கமும் போனது. நின்றது ஒரு வரி. "எழுதி முடிச்சதும்... எனக்கே புடிச்சுது" என்றார். "இருபத்தாறு வருஷத்துல... அப்படி ஒரு வரி எனக்கு அமைஞ்சதில்ல."

மந்திரிக்கும் பிடித்துவிட்டது. நம் தூதரே எழுதுகிறார் என்று சபையில் வாசித்தார். மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்து. கண்காணிப்பாளர் பிரிவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அக்கரைப் பிரிவின் வரலாற்றில் அது முதல் டீயாம்.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக எட்டே பக்கம். தூதர் எழுதியிருந்தார்: நான் எழுதாததை நான் எழுதியதாக வாசித்திருக்கிறீர்கள். பாலத்தருகே நிற்கும் படை நம்மை நினைத்து வரவில்லை, அவர்களுடைய துறைமுகத்தில் வேலைநிறுத்தம், அதை அடக்க வந்தது, இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். நம்மோடு பேச விரும்புகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். பாலத்தை மூடினால் அவர்கள் வாயைத்தான் மூடுவோம். தயவுசெய்து இதை மந்திரியின் கையிலேயே கொடுங்கள்.

அந்தத் துறையில் ஒரு நடைமுறை. ஒரே விஷயமாக முப்பது நாளுக்குள் இரண்டாவது கடிதம் வந்தால் அதற்குப் புதிதாக ஒருபக்கம் எழுத வேண்டியதில்லை. முதல் கடிதத்துக்கு அடியில் வைத்துக் கட்டி, 'தொடர்ச்சி, புதிதாக ஒன்றும் இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். புதிதாக ஏதாவது இருந்தால் சிவப்புத் தாள் ஒட்டி மேலே அனுப்ப வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது இவர்.

இவர் அடியில் வைத்துக் கட்டினார்.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"பாதி தெரிஞ்சு." சற்று மூச்சு வாங்கினார். "அத மேல அனுப்பினா... அந்த வரிய யார் எழுதினதுன்னு கேப்பாங்க. ஊரே சொல்லிட்டிருக்கற வரி. பயமும் இருந்துச்சு... பெருமையும் இருந்துச்சு. எது அதிகம்னு... பத்தொம்போது வருஷமா நிறுத்துப் பாக்கறேன்."

"சிவப்புத் தாள்?"

"மேசை டிராயர்ல இருந்துச்சு. தொறக்கல."

திங்கட்கிழமை பாலம் மூடப்பட்டது. ஒரு மாதத்தில் திறந்துவிடும் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு நடந்ததையும் இவர் அந்த மேசையிலிருந்தே பார்த்தார். பழைய தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். புதிதாகப் போனவர்கள் எல்லோரும் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள். அங்கே கதவு மூடியதால் வந்த கோபத்தைப் பார்த்துவிட்டு, பாருங்கள், எவ்வளவு கோபக்காரர்கள், இன்னும் இறுக்கி மூடுங்கள் என்று எழுதினார்கள். இங்கே இருந்த அவர்கள் தூதரும் தன் நாட்டுக்கு அதையே எழுதியிருப்பார். இரண்டு கரையிலும் கண்ணிவெடி புதைத்தார்கள்.

இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மருத்துவமனையில் ஒரு ஷிஃப்ட் நர்ஸ் அடுத்தவளுக்கு எழுதி வைக்கும் குறிப்பில் 'ஏழாம் படுக்கை, முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதிவிட்டால் போதும். அடுத்த நாலு ஷிஃப்ட்டுக்கும் அவர் முரண்டுக்காரர்தான். கை தட்டி அழைத்தாலும் முரண்டு, வலி என்று முனகினாலும் முரண்டு. யாராவது ஒருத்தி போர்வையை விலக்கிப் பார்க்கும்வரை அடியில் புண் சீழ் பிடித்துக்கொண்டிருக்கும். நான் அப்படி விலக்கிப் பார்த்ததும் உண்டு, பார்க்காமல் போனதும் உண்டு.

தூதரை இவர் ஒரே ஒரு தரம் நேரில் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போடும் வரிசையில். முன்னால் நின்றவர் தன் பெயரைச் சொன்னதும்தான் இவருக்கு யாரென்று தெரிந்தது. அவர் திரும்பி, சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

"நான் இருக்கேன்னு நானே வந்து சொல்லணுமாம் சார். என்னப் பாத்தா சந்தேகமாவா இருக்கு? நீங்க எந்தத் துறை?"

இவர் "பொருள் கிடங்கு" என்று சொல்லிவிட்டார்.

"குடுத்து வச்சவர். எண்ணி வச்சா எண்ணினபடி இருக்கும். நான் பக்கம் பக்கமா எழுதினேன். யாராவது படிச்சாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

நான் படித்தேன் என்று இவர் சொல்லவில்லை. அந்த வருடக் கடைசியில் தூதர் இறந்தார். வீட்டம்மா செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, "ஒழிஞ்சான்" என்றாராம்.

சொல்லி முடித்த அன்று இவர் என் கையைப் பிடித்தார். "நீங்க எழுதி வச்சுக்கோங்க. நான் போனப்பறம்... பொண்ணுக்கு அனுப்பிடுங்க."

"நான் பெட்பேன் எடுக்கறவ சார், தபால்காரி இல்ல. வாய் இருக்கறப்பவே யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லிடுங்க. மூடி வச்ச புண்ணு ஆறாது."

சொன்னது நான்தான். மற்றவர் மேல் போடமாட்டேன்.

அந்த மாதமே ஓர் அறிவிப்பு வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் மகனோ மகளோ, மருத்துவர் சான்று இருந்தால், பாலத்தைக் கடந்து வந்து மூன்று நாள் தங்கலாம். நானே இரண்டு அலுவலகம், ஒரு மருத்துவமனை என்று அலைந்து சான்று வாங்கினேன். ஏழு வாரத்தில் அனுமதி வந்தது. வெள்ளி காலை ஒன்பது முதல் ஞாயிறு மாலை ஆறு வரை.

வீட்டம்மா அந்த வாரம் முழுவதும் உட்காரவில்லை. உள் அறையில் மகளுக்குக் கட்டில் போட்டு, புது உறை தைத்து, போர்வையை இரண்டு தரம் துவைத்தார். "அவ இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான் தூங்குவா. சன்னல் எந்தப் பக்கம் வேணும்னு கட்டில மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறேன்" என்றார். அறுபத்தெட்டு வயதில் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இவர் என்னிடம் கேட்டார். "வெள்ளிக்கிழமை சொல்லட்டுமா... ஞாயித்துக்கிழமை சொல்லட்டுமா?"

"அது உங்க இஷ்டம். ஞாயித்துக்கிழமை சொன்னா, சொல்லிட்டு ஓடவிட்ட மாதிரி இருக்கும்."

"ஆமா. அவ கேள்வி கேக்க... நேரம் வேணும்."

அவள் இருபத்திரண்டு வயதில் போனவள், நாற்பத்தொரு வயதில் வந்தாள். நரைத்த தலை, கையில் ஒரு சின்னப் பை. தாயும் மகளும் வாசலில் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். "என்னடி இது, கண்ணாடி போட்டிருக்க?" என்றார் வீட்டம்மா. "நீ மட்டும் குள்ளமாயிட்ட" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அழுகை.

அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படிப் புரட்டுவது என்று என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு அவளே புரட்டினாள். மத்தியானச் சாப்பாட்டை அவளே ஊட்டினாள். ஒரு கரண்டிகூடப் புரை ஏறவில்லை. "பாத்தியா, உன் கையில சமத்தா சாப்பிடறாரு. என்கிட்ட ஒவ்வொரு கரண்டிக்கும் விசாரணைக் கமிஷன்" என்றார் வீட்டம்மா. அந்த வீட்டில் நான் கேட்ட பெரிய சிரிப்பு அதுதான்.

நாலு மணிக்கு அவள் அவருடைய வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் மருந்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா டீ தம்ளர்களோடு வந்தார்.

"அந்த வரிய... தூதர் எழுதலம்மா" என்றார் அவர். "நான் எழுதினேன்."

அவள் வெட்டிக்கொண்டிருந்த நகத்தை முடித்தாள். "எந்த வரிப்பா?"

சொன்னார். முப்பத்தொரு பக்கம், டீ, இரண்டாவது கடிதம், அடியில் வைத்துக் கட்டியது எல்லாம். நான் ஐந்து வாரத்தில் கேட்டதை அரை மணியில் சொன்னார். எதையும் விடவில்லை. வீட்டம்மா தம்ளர்களைக் கீழே வைக்காமல் நின்றார்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டாவது லெட்டர் என்னிக்கு வந்துச்சு?"

"புதன்கிழமை. மூட... அஞ்சு நாள் இருந்துச்சு."

நகவெட்டியை மடக்கி மேசையில் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினாள், குரல் உயரவேயில்லை.

"குழந்தை தங்கலன்னு எழுதினேன் இல்ல? அதுக்கு மேல எழுதினா மை பூசி அடிச்சிடுவாங்க, அதான் எழுதல. எட்டாம் மாசம் ரத்தம் போக ஆரம்பிச்சுது. எங்க ஊர் ஆஸ்பத்திரியில முடியாதுன்னுட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரி இங்கதான இருக்கு, அவசரம்னா பாலம் தாண்டி இங்கதான எல்லாரும் வருவாங்க. பழக்க தோஷத்துல கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்க சிப்பாய் விட்டுட்டான்ப்பா. போ தாயேன்னு கம்பிய தூக்கினான். இந்தப் பக்கம்தான் உத்தரவு இல்லன்னாங்க. மூணு மணி நேரம் வண்டியிலயே கிடந்தேன். மத்தியானம். நம்ம மாடி தெரிஞ்சுது. அம்மாவோட பச்சைப் போர்வை காஞ்சிட்டிருந்துச்சு."

வீட்டம்மா தம்ளர்களை அப்படியே தரையில் வைத்தார்.

"பொண்ணு. அதோட கர்ப்பப்பையயும் எடுத்துட்டாங்க, இனிமே எனக்குக் குழந்தை இல்லன்னுட்டாங்க."

நான் அவர் நாடியைப் பார்த்தேன். அவள் எழுந்து உள் அறைக்குப் போனாள். அன்று இராச் சாப்பாட்டை நான்தான் ஊட்டினேன்.

சனிக்கிழமை காலை அவள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டம்மா கதவை மறித்து நின்றார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணி வரைக்கும் இருக்குடி. எனக்காகவாவது இரு. அவர் ரூமுக்குப் போகாத. நாம சமையல்கட்டுலயே இருந்துக்கலாம்."

"என்னால முடியலம்மா. அந்த ரூம்ல அவர் மூச்சு விடறது கேட்டுட்டே இருக்கு."

வீட்டம்மா ஒதுங்கி வழிவிட்டார். பிறகு படுக்கையறை வாசலில் போய் நின்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் குரலில் அப்படி ஒரு நிதானம் இருந்திருக்காது.

"பத்தொம்போது வருஷம் மூடி வச்சீங்களே. இன்னும் ரெண்டு நாள் மூடி வைக்க முடியலையா?"

பாலம்வரை நான்தான் அவளோடு போனேன். தடுப்புக்கு முன்னால் தாளைச் சரிபார்க்கும் சின்ன அறை. சீக்கிரமாகத் திரும்புகிறவளைப் பார்த்துச் சிப்பாய்க்கே ஆச்சரியம். "இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா. போனா மறுபடி வரமுடியாது, தெரியுமில்ல?" என்றான். தெரியும் என்றாள்.

முத்திரை குத்தும்வரை நின்றபோது என்னிடம் கேட்டாள். "நீங்கதான் சொல்லச் சொன்னீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அவருக்கு பிரஷர் ஏறிட்டே இருந்துச்சு."

"இப்ப எறங்கிடுச்சா?"

அன்று காலை பார்த்திருந்தேன். இறங்கியிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம், வரவில்லை.

"எறங்கியிருக்கு" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உள் அறைக் கட்டிலை வீட்டம்மா கலைக்கவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பேருக்குச் சமைத்தார். மிஞ்சியதை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போர்வையை உதறி மடித்து, உறையைக் கழற்றி, கட்டிலைச் சுவரோரம் தள்ளினார். நான் கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

அவர் இன்னும் பதினோரு வாரம் இருந்தார். வீட்டம்மா எதிலும் குறை வைக்கவில்லை. மசிப்பது, துவைப்பது, மருந்து எல்லாம் வேளைக்கு நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. வானொலியில் எல்லைச் செய்தி வரும், கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பார். தூதரைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல் இல்லை. அவருடைய காலை எட்டு மணி எண் ஒரு நாள்கூட ஏறவில்லை. அவர் தினமும் என்னிடம் கேட்பார். "நான் சொன்னது... சரிதானே?" முதல் வாரம் சரி என்றேன். பிறகு, "வாயத் திறங்க, மருந்து" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பதாவது வாரம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு என்று எழுதிய கடிதம். வீட்டம்மா அதைச் சமையலறையில் நின்று தனியாகப் படித்தார். பிறகு, அத்தனை நாள் வாசலோடு நின்றவர், உள்ளே வந்து கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ஊர் குளிர், கணவனின் வேலை, புதுக் கண்ணாடி. கடைசியில் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பாவுக்கு மருந்து வேளைக்குக் குடுக்கச் சொல்லியிருக்கா. குளிர்ல கால மூடி வைக்கச் சொல்லியிருக்கா" என்றார்.

படித்து முடித்ததும் கடிதத்தை மருந்துத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். தட்டை எடுக்கும்போது நான் பார்த்தேன். ஒரே தாள், கண்ணை ஓட்டினால் போதும். அப்பா என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். எதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதையே வாழ்நாள் முழுக்க வேலையாகச் செய்தவர். கடிதம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. வலது கை நன்றாகத்தான் வேலை செய்தது. அவர் நீட்டவில்லை.